பசை தேடிப் போனவன்

பெரம்பலூர்
8-2-1981

அன்புள்ள தம்பி முருகையனுக்கு அக்கா ரத்தினம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் கம்பளி போதுகிறதா என்பதையெல்லாம் நீயாக எழுதமாட்டாய். நானாகக் கேட்டால்தான் உண்டு. கேட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை தை முடியப்போகிற நேரத்தில் வந்து சேர்ந்தது. ஒரு பெரிய பாலத்தின் படம், பின்னால் உன் கையெழுத்து. அவ்வளவுதான். பேனாவில் மை தீர்ந்துபோய்விட்டதா என்று உன் மச்சான் கேட்டார். அட்டையை அவருடைய பைண்டிங் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்களெல்லாம் அந்தப் பாலத்தை நீ கட்டியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வெள்ளிக்கிழமை சாமிக்கண்ணு மாமா அரியலூரிலிருந்து வந்திருந்தார். சிமெண்டு ஆலையில் ஷிப்டு முடிந்த கையோடு, சட்டையிலிருந்த தூசியைக்கூடத் தட்டாமல் பஸ் ஏறியிருக்கிறார். மழையைப் பற்றிப் பேசினார், பருத்தி விலையைப் பற்றிப் பேசினார், பிறகு மெதுவாக, "ரத்தினம், பய அங்க என்னதான் வேல பாக்குறான்? கேக்குறவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்ல" என்றார்.

"ஆராய்ச்சி மாமா."

"என்ன ஆராய்ச்சி?"

"அணு ஆராய்ச்சி."

"குண்டா?"

"குண்டு இல்ல மாமா."

"பின்ன?"

பின்னே என்ன என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. உள்ளே போய் காப்பி போட்டேன்.

அவர் கேட்டது உன் வேலையைப் பற்றி மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரியும். மலர்கொடிக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. டீச்சர் வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அவள் உனக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசியது. பேசியதோடு நிற்கிறது, தட்டு மாற்றவில்லை. தாய்மாமன்தான் என்றாலும் அவர் பெண்ணைப் பெற்றவர், தன் வாயால் கேட்கமாட்டார். நீ என்ன செய்கிறாய், அது எப்போது முடியும், எப்போது வருவாய் என்று தெளிவாக எழுது. மாமாவுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுது.

பிள்ளைகள் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

உன் அக்கா
ரத்தினம்மாள்


கலிபோர்னியா
1-3-1981

அன்புள்ள அக்காவுக்கு முருகையன் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். மச்சானும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இந்த ஊரில் குளிரே கிடையாது என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயும் கம்பளியை விடமாட்டேன் என்கிறாய்.

நான் என்ன செய்கிறேன் என்று உனக்கு இதற்கு முன் மூன்று தடவையாவது எழுதியிருப்பேன். பரவாயில்லை, மாமாவுக்காக மறுபடியும் எழுதுகிறேன். பொறுமையாக வாசித்துக் காட்டு.

எந்தப் பொருளை எடுத்தாலும் அது அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் ஒரு கரு. கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான். அவற்றுக்குள்ளே அவற்றைவிடச் சிறிய குவார்க்குகள். இந்தக் குவார்க்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியவே பிரியாது. ஏன் என்றால் அவற்றுக்கு நடுவில் ஒரு பசை இருக்கிறது. அந்தப் பசையும் ஒரு வகைத் துகள்தான். இங்கே அதற்குப் பெயரே ஆங்கிலத்தில் பசை என்கிற சொல்லிலிருந்து எடுத்ததுதான், குளுவான். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பசை தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் குவார்க் ஒன்றுகூட இல்லாமல், பசையும் பசையும் சேர்ந்து உருண்டையாகித் தனியே நிற்க முடியும் என்று கணக்குச் சொல்கிறது. பசை உருண்டை. அதை இதுவரை நிச்சயமாகக் கண்டேன் என்று சொன்னவர் உலகத்தில் எவரும் இல்லை. நாங்கள் துகள்களை மோதவிடுகிறோம். மோதலில் பிறப்பது உடனே அழிந்துபோகும்போது ஒளி தெறிக்கும். அந்த ஒளியை உப்புப் படிகங்களில் பிடித்துக் கணக்குப் போட்டு, உள்ளே அந்த உருண்டை இருந்ததா என்று பார்க்கிறோம். இதுதான் என் வேலை. குண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மாமாவுக்கு இவ்வளவு நீளமாக வேண்டாம் என்றால் சுருக்கமாகச் சொல்: நான் இங்கே பசை தேடிக்கொண்டிருக்கிறேன். நல்ல பசையாகக் கிடைத்ததும் ஊருக்கு வந்துவிடுவேன்.

அனைவருக்கும் என் அன்பு.

முருகையன்


பெரம்பலூர்
29-3-1981

தம்பி முருகையனுக்கு. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனேன். மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை, நானே சத்தமாக வாசித்தேன். அத்தை சின்னப்பிள்ளை கதவோரமாக நின்று கேட்டார். மலர்கொடி அடுக்களையில் இருந்தாள். அணு, கரு, குவார்க்கு என்று நான் தட்டுத்தடுமாறி வாசித்ததையெல்லாம் மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பெருமையாக இருந்தது அவருக்கு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் உன் அந்த வரி வந்தது. நல்ல பசையாகக் கிடைத்ததும் ஊருக்கு வந்துவிடுவேன்! வாசித்து முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே காதில் விழுந்தது.

மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "பசையுள்ள எடமா பாக்குறானா?" என்றார். "சரிதாம்மா. எங்க வூட்டுல ஏது பசை. சிமெண்டு தூசிதான் இருக்கு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அது அந்தப் பசை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பசை என்று சொல்வது? நான் வாசித்ததில் பாதி எனக்கே தெரியாது.

அணுவைப் பிளக்கத் தெரிந்தவனுக்கு, பசை என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரியாதா? பணக்காரப் பெண்ணாகத் தேடுகிறேன் என்று பெண் வீட்டுக்கே எழுதி அனுப்புகிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய். உன் மச்சானிடம் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மைதாவுல மயில்துத்தம் போட்டு ஒரு வாளி காச்சி அனுப்பவா? கடையில நெறைய கெடக்கு" என்கிறார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு வயிறு எரிகிறது.

கிளம்பும்போது மலர்கொடி அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எறையூர் சர்க்கரை ஆலையில் கிளார்க்காக இருக்கிற ஒரு பையனின் ஜாதகம் மாமா கைக்கு வந்திருக்கிறதாம். சொல்லிவிட்டேன்.

ரத்தினம்மாள்


கலிபோர்னியா
14-4-1981

அன்புள்ள அக்காவுக்கு. நலம். நலமறிய ஆவல்.

இரண்டு பக்கத்துக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதில் மாமாவின் காதில் விழுந்தது அந்த ஒரே ஒரு சொல்தானா? பசை என்றால் பசை, அக்கா. காகிதம் ஒட்டுகிற பசை. மச்சான் கடையில் வாளி வாளியாக இருக்கிற அதே பசை. பணம் என்று எங்கே எழுதினேன்? பெண் என்று எங்கே எழுதினேன்? புரோட்டானுக்குள் பணக்காரப் பெண் எப்படி வருவாள் என்று ஒருவராவது யோசித்திருக்கக் கூடாதா?

இங்கே நிலைமை எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. நான் சொன்ன உப்புப் படிகங்களுக்குக் காற்றிலிருக்கிற ஈரம் ஆகாது, ஈரம் பட்டால் கெட்டுப்போய்விடும். குளிரூட்டி பழுதாகி நாங்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு அவற்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். அந்த எரிச்சலில் இருக்கும்போது உன் கடிதம் வந்தது. அறையில் இருக்கிற ஜெர்மன்காரன் ஏன் இப்படித் தலையில் அடித்துக்கொள்கிறாய் என்று கேட்டான். அவனுக்கு எப்படி விளக்குவது? பசை என்றால் எங்கள் ஊரில் பணம் என்றேன். அவன் சிரித்துவிட்டு, பணமும் ஒட்டும்தானே என்கிறான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது!

சரி, அந்தச் சொல்லே வேண்டாம். கோந்து என்று சொல்லிவிடு. கோந்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. "முருகையன் தேடுவது கோந்து, அணுவுக்குள் இருக்கிற கோந்து" என்று மாமாவிடம் சொல். இத்தோடு இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

முருகையன்


பெரம்பலூர்
10-5-1981

தம்பி முருகையனுக்கு அக்கா எழுதுவது. கத்திரி வெயில் கொளுத்துகிறது. சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கியிருக்கிறது, இப்போது பரவாயில்லை.

பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருந்தாய். தீர்ந்த அழகைக் கேள். உன் பேச்சைக் கேட்டு மாமாவிடம் கோந்து என்று சொன்னேன். அவர் நிதானமாக, "கோந்தா? அது நம்ம ஊரு கருவேல மரத்துல வழியுதே, அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போனான்?" என்றார். அடுத்த வாரமே அரியலூர் கடைத்தெரு முழுக்க நீ அமெரிக்காவில் கோந்து தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பதாகப் பேச்சு. அத்தை, "படிச்ச புள்ளைன்னுல்ல நெனச்சோம்" என்று அழுதாராம். மாமாவின் ஆலையில் ஒருவர், பையன் வரும்போது எனக்கு நாலு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாராம். இந்த லட்சணத்தில் இருக்கிறது உன் ஆராய்ச்சி.

எறையூர்க்காரர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பையன் தங்கமானவன் என்று நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மாமா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுப் பார்த்திருக்கிறார். வெள்ளைப்பூ வந்ததாம். வெள்ளை வந்தால் மனதில் நினைத்தது சரி என்று அர்த்தம். என்ன நினைத்தீர்கள் மாமா என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். எறையூரை நினைத்தாரோ, உன்னை நினைத்தாரோ, அந்தச் சிவனுக்குத்தான் வெளிச்சம்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மலர்கொடியைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லையா? பசையும் வேண்டாம், கோந்தும் வேண்டாம். இதற்குப் பதில் எழுது.

ரத்தினம்மாள்


கலிபோர்னியா
30-5-1981

அன்புள்ள அக்காவுக்கு. சின்னவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வெயிலில் விடாதே.

கோந்துக் கம்பெனி! நான் இந்த ஊருக்கு எதற்கு வந்தேன் என்று சில நாட்கள் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் நடந்திருக்கிறது. எங்கள் வரைபடத்தில் ஒரு மேடு தெரிகிறது. சமமாகப் போகிற கோடு ஓர் இடத்தில் எழும்பி இறங்குகிறது. அங்கே ஒரு துகள் இருக்கிறது என்று அர்த்தம். வேறொரு குழுவும் அதைப் பார்த்திருக்கிறது. மேடு இருக்கிறது என்பதில் சண்டை இல்லை. அது பசை உருண்டைதானா என்பதில்தான் சண்டை. சாதாரணமான குவார்க் ஜோடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். பசை உருண்டைக்கென்று நெற்றியில் தனியாக ஓர் அடையாளம் கிடையாது, அதுதான் கொடுமை. காலையில் ஒரு பேராசிரியர் இதுதான் என்கிறார். மத்தியானம் இன்னொருவர் இருக்கவே முடியாது என்கிறார். மாமா பூப்போட்டுப் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தாய். நாங்களும் பூப்போட்டுத்தான் பார்க்கிறோம், லட்சக்கணக்கான தடவை. வெள்ளை வந்தாலும் என்ன நினைத்தோம் என்பதில்தான் தகராறு.

மாமாவுக்குத் தனியாக ஒரு பக்கம் படம் போட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புரோட்டானை வட்டமாகப் போட்டு, குவார்க்கைப் புள்ளியாக வைத்து, பசையைச் சுருள் கோடாக வரைந்திருக்கிறேன். இதைப் பார்த்தும் விளங்கவில்லை என்றால் என்னால் ஆவது எதுவும் இல்லை.

நீ கேட்ட மற்ற விஷயத்தை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இந்த மேடு என்னவென்று தெரியட்டும்.

முருகையன்


கலிபோர்னியா
2-8-1981

அக்காவுக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சின்னவன் தேறிவிட்டானா? மே மாதக் கடைசியில் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலில்லை. ஜூனில் ஓர் அட்டை போட்டேன், அதற்கும் இல்லை. தபால் எங்காவது தொலைந்துவிட்டதா? அல்லது கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுதித் தொலை.

மாமாவுக்கு வரைந்த படம் போய்ச் சேர்ந்ததா? ஏதாவது சொன்னாரா? எறையூர் என்ன ஆயிற்று?

வேலை நடக்கிறது. மேடு அப்படியேதான் இருக்கிறது.

முருகையன்


அரியலூர்
30-8-1981

அத்தானுக்கு மலர்கொடி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா சுகம். பெரம்பலூரில் அண்ணியும் பிள்ளைகளும் சுகம், சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான். கவலைப்பட வேண்டாம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை என்பதால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு வரவில்லை.

முதலில் பசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா அன்று கோபித்துக்கொண்டு வெளியே போனது உண்மைதான். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். அதற்குள் நான் உங்கள் கடிதத்தைப் படித்திருந்தேன். உட்கார வைத்துச் சொன்னேன். "அப்பா, குவார்க்கு செங்கல், பசை சாந்து. செங்கல்லே இல்லாம வெறும் சாந்தே சேந்து நிக்குமான்னு தேடுறாங்க" என்றேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அட, நனைஞ்ச சிமெண்டு மூட்டையாட்டம்" என்றார். அது முழுக்கச் சரியா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு நேரச் சாப்பாட்டிலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் பணக்கார இடம் தேடுகிறீர்கள் என்று எங்கள் வீட்டில் எவரும் அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை எடுத்தார். ஓரெழுத்து விடாமல் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கம் எழுதியிருக்கானே, இதுல உன் பேரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். எங்கேயும் இல்லை. பிறகு அண்ணிக்கு நீங்கள் எழுதிய அடுத்த கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம், அதிலும் இல்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல் என்று இருந்தது. அப்பாவுக்குத் தனியாக வந்த பக்கத்தையும் இரண்டு பேரும் பார்த்தோம். படம் நன்றாக இருந்தது. சுருள் கோடுகளை மெனக்கெட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

கோந்துக் கம்பெனி என்று கடைத்தெருவில் சொன்னது அப்பாதான். தெரியாமல் சொல்லவில்லை. எப்போ கல்யாணம் என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கும்போது, பையன் ஒரு பதிலும் சொல்லவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. பையன் வேலை சரியில்லை, நாங்கள் யோசிக்கிறோம் என்று சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. அம்மா அழுததும் அதற்குத்தான். இது எனக்கு ஆடி மாதம்தான் தெரிந்தது. தெரிந்த அன்று உங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தக் காகிதம் போதாது.

எறையூர் மாப்பிள்ளை நல்ல மனிதர். பெண் பார்க்க வந்தபோது, உங்களுக்குச் சம்மதமா என்று என்னிடமே கேட்டார். அவர் கேட்டார், அதைச் சொல்கிறேன். ஐப்பசியில் நிச்சயம் செய்யலாம் என்கிறார்கள். நான் அப்பாவிடம், ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதுவரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கேள்வி இதுதான். என்னைக் கட்டிக்கொள்ள உங்களுக்கு விருப்பம் உண்டா? இல்லை என்றாலும் எழுதுங்கள், நான் ஒன்றும் கிணற்றில் விழுந்துவிடமாட்டேன். பதிலை அண்ணிக்கு எழுத வேண்டாம். என் பள்ளிக்கூட விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

மலர்கொடி


கலிபோர்னியா
16-9-1981

அன்புள்ள மலர்கொடிக்கு முருகையன். நான் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, கேட்கிறேன்.

நனைந்த சிமெண்டு மூட்டை முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. சிமெண்டு ஒட்டுவதற்குத் தண்ணீர் வேண்டும், குளுவானுக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. ஆனாலும் நான் இரண்டு பக்கத்தில் சொன்னதைவிட அது மேல். பசையைப் பொறுத்தவரை, அந்த மேடு என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. பசை உருண்டையாக இருந்தால் அது எப்படிச் சிதற வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, குவார்க்காக இருந்தால் எப்படி என்று இன்னொரு கணக்கு. நாங்கள் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எங்கள் வேலையில் ஆமாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. முதலில் அது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் தள்ளிய பிறகும் எஞ்சி நின்றால்தான் இருக்கலாம் என்று எழுதுவோம். ஐந்து வருடமாக இதைச் செய்து செய்து எனக்கு வேறு மாதிரி பேச வராமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ கேட்டது இது இல்லை. இது மூன்றாவது தடவை எழுதுவது, முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். அவற்றிலும் இப்படித்தான் ஆரம்பித்திருந்தேன்.

நான் கிளம்பியபோது அரியலூர் ஸ்டேஷனில் நீ ஜன்னலோரம் வந்து, "போய்ச் சேந்ததும் எழுதுங்க" என்றாய். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். அக்காவுக்கு எழுதச் சொல்கிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகுதான், யாருக்கு எழுதச் சொன்னாய் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை என்பது தெரிகிறது. நம் விஷயம்தான் பேசி முடித்தது, அது அங்கே இருக்கும், எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டேன். ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டால் கௌரவமாக இருக்கும் என்றும் நினைத்தேன். மாமா கடைத்தெருவில் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது என்று படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெர்மன்காரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

தை மாதம்தான் இங்கே கட்டுரை எழுதி அனுப்பப்போகிறார்கள். அந்த நேரத்தில் ஊருக்குப் போகிறவன் பங்கை வேறு ஒருவனிடம் கொடுத்துவிடுவார்கள், கட்டுரை அவனுடையதாகத்தான் போகும். நான் ஊருக்குப் போகப்போவதாக இன்று காலை பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த உருண்டை இருக்கிறதா இல்லையா என்று இவர்கள் இன்னும் பத்து வருடம் சண்டை போடுவார்கள், எனக்குத் தெரியும். போடட்டும்.

எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் மலர்கொடி. உன்னை மட்டும்தான். தையில் வருகிறேன்.

முருகையன்


பெரம்பலூர்
11-10-1981

தம்பி முருகையனுக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். தீபாவளி வருகிறது, கடையில் கணக்குப் புத்தகம் பைண்டிங் குவிந்து கிடக்கிறது, உன் மச்சானுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை.

நான் உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். தபாலும் தொலையவில்லை, எனக்கு உடம்புக்கும் ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தால் நீ எனக்கே பதில் எழுதிக்கொண்டிருப்பாய், அவள் பெயர் ஆயுசுக்கும் உன் பேனாவில் வராது. நாலைந்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன் மச்சானைக் கேட்டுப் பார்.

போன சனிக்கிழமை மலர்கொடி பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"கடிதாசி வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு அண்ணி. ரெண்டு பக்கம். ஒண்ணே முக்கா பக்கம் என்னென்னமோ எழுதியிருக்காங்க. கடைசியில ஒரே ஒரு வரி."

"அந்த வரி என்ன?"

"அது எனக்கு" என்றாள்.

அப்புறம்தான் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் உன்னைத் திட்ட ஆரம்பித்தோம். நெடுநேரம் திட்டினோம். கடையிலிருந்து வந்த உன் மச்சான், பசிக்கிறது, எனக்கு யாராவது சோறு போடுவீர்களா என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினோம்.

மாமா எறையூருக்கு ஆள் சொல்லி அனுப்பாமல் தானே போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர்கள் வருத்தப்படவில்லையாம். "சொந்தத்துல முடியுறது நல்லதுதானுங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பினார்களாம். சந்தோஷம்தானே மாமா என்று கேட்டேன். "மொதல்ல வரட்டும்" என்றார். ஆனால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்துவிட்டார், அத்தை நெல்லை அவித்துக் காயப்போட்டுவிட்டார். தையில் மூன்று முகூர்த்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள். எது என்பது நீ வந்து இறங்குகிற நாளைப் பொறுத்தது.

அதனால் இதற்குப் பதில் எழுதும்போது தயவு செய்து எதையும் விளக்காதே. மாமாவுக்கு விளக்காதே, எனக்கு விளக்காதே, படம் போடாதே. வருகிற தேதியை மட்டும் எழுது. கீழே கையெழுத்துகூட வேண்டாம். நீதான் என்று எங்களுக்குத் தெரியும்.

அக்கா
ரத்தினம்மாள்